தேனை அளந்த கட்டியம்

முன்னொரு காலத்தில், தேன் இல்லாமல் ஒரு வாய் தோசைகூட இறங்காத ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் காலையில் தேன் கிண்ணத்தைச் சாய்த்தவர் முகம் சுளித்தார்.

"நேற்றுத் தேன் கெட்டியாக இருந்தது. இன்று ஓடுகிறது. எத்தனை மடங்கு இளகியிருக்கிறது? நெல்லுக்கு மரக்கால் உண்டு, துணிக்கு முழம் உண்டு. தேனின் கெட்டிக்கு மட்டும் அளவு கிடையாதா?"

கட்டியக்காரர் உத்தண்டராயர் தொண்டையைக் கனைத்தார். ராஜா வரும்போதெல்லாம் முன்னால் நின்று அவருடைய பட்டப்பெயர்களை முழங்குவது அவர் வேலை. சபையில் விகடம் பேசும் பூவராகன் வந்த பிறகு, தம் முழக்கத்துக்கு மவுசு போய்விட்டதே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

"பிரபு, பூவராகனுக்குத் தெரியாததா? நாளைக்குள் ஓர் அளவு கொண்டுவரட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார் ராஜா. பசியோடு இருக்கும் ராஜாவிடம் யார் வாதாடுவது!

பூவராகன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பாவம், இந்த ஊரை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் ஏது? மனைவி செங்கமலம் விளக்கில் ஆமணக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எண்ணெயா இது? இது இறங்குறதுக்குள்ள அந்த ராயர் கட்டியமே சொல்லி முடிச்சிடுவாரு!" என்று அலுத்துக்கொண்டாள்.

பூவராகன் துள்ளி எழுந்தான். "அடி என் ராசாத்தி! பொழைச்சோம் போ!"

மறுநாள் சபையில் மூன்று கண்ணாடிச் சாடிகளை வைத்தான். ஒன்றில் பழைய தேன், ஒன்றில் புதுத் தேன். மூன்றாவதைத் துணியால் மூடியிருந்தான்.

"அளவுகோல் எங்கே?" என்றார் ராஜா.

"இதோ நிற்கிறார், அரசே!" என்று உத்தண்டராயரைக் காட்டினான் பூவராகன். "நான் சாடியில் சிறு ஈயக் குண்டு போடுகிறேன். அது அடியைத் தொடும் வரை ராயர் தங்கள் பட்டங்களைச் சொல்லட்டும். எத்தனை பட்டமோ அத்தனை கெட்டி."

பழைய தேனுக்குப் பன்னிரண்டு பட்டம் ஆயிற்று. புதுத் தேனுக்கு நாலே நாலு.

"மூன்று மடங்கு இளகல்!" என்று ராஜா தொடையில் தட்டினார்.

ராயருக்குப் பொறுக்கவில்லை. "பிரபு, இதெல்லாம் ஓர் அளவா? நான் வேகமாகச் சொன்னால் கூடுமே! இடையில் இரண்டை விட்டால் குறையுமே!"

"கேட்டீர்களா அரசே? தங்கள் பட்டங்களை இவர் வேகமாக ஓட்டுவாராம், இரண்டை விழுங்கியும் விடுவாராம்" என்றான் பூவராகன், ஒன்றும் அறியாதவன்போல.

கட்டியத்தில் ஒரு பட்டம் தவறினாலும் கட்டியக்காரரின் வெள்ளித்தடி பறிபோகும் என்பது அந்தச் சபை வழக்கம். ராஜாவின் புருவம் உயர்ந்தது. ராயர் தம் தடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"ஐயோ, இல்லை பிரபு! ஒரே சீராகத்தான் சொல்வேன்!"

"அப்படியானால் இதையும் அளந்துவிடலாம்" என்று துணியை எடுத்தான் பூவராகன். உள்ளே படகுக்குப் பூசும் கீல். ஈயக் குண்டு அதன்மேல் சுகமாக உட்கார்ந்துகொண்டது.

ராயர் முழங்கினார், முடித்தார், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். வெயில் உச்சிக்கு ஏறியும் குண்டு அசையவில்லை. குரல்தான் தேய்ந்து கரகரத்தது.

"போதும் பிரபு! பூவராகன் அளவு கண்டுபிடித்துவிட்டான், நானே சாட்சி! அவன் இங்கேயே இருக்கட்டும், என்னை விட்டுவிடுங்கள்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டார். "இன்று முதல் இந்த அளவுக்கு 'உத்தண்டம்' என்றே பெயர்!"

அதன்பின் ராயர் கடைத்தெருப் பக்கம் தலைகாட்டினால் போதும், எண்ணெய்க் கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள்: "ராயரே, புதுச் சரக்கு வந்திருக்கு. கொஞ்சம் நின்னு கட்டியம் சொல்லிட்டுப் போங்க!"