ரெண்டு குடம் பழங்கரைசல்

மகளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நாச்சிமுத்து மனைவியிடம்கூடச் சொல்லாமல் மலையடிவார மடத்துக்கு வந்துவிட்டார். மடத்தம்மா அவரைவிட வயதில் இளையவர். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. பதினோரு மாடுகளையும் சாண எரிவாயுக் குழியையும் அவர் பொறுப்பில் விட்டார்.

சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்ற வேண்டும். அதில் வரும் கேஸில்தான் மடத்து அடுப்பு எரிந்தது.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் அடுப்பு பற்றவில்லை.

அம்மா கொட்டகைக்கு வந்து பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, கொட்டகை கல்யாண வீடு போல இருந்தது. சாணி வாசமே இல்லை.

"எதைப் போட்டுக் கழுவறீங்க, அண்ணா?"

"ஃபினாயிலுங்க. தெனம் ரெண்டு தடவ."

"கழுவின தண்ணி?"

"குழிக்குத்தாங்க போகுது."

"ஃபினாயில் பட்டா குழிக்குள்ள இருக்கற உசுரெல்லாம் செத்துப்போகும். அப்புறம் எது எரியும்? உங்களுக்குத் தெரியாததுங்களா?"

தெரியும். சொந்த வீட்டில் தன் கையாலேயே குழி வெட்டியவர் அவர்.

"சாணி வாசம் வந்தா அந்தக் காலைதான் ஞாபகம் வருதுங்கம்மா. காய்ச்சல்ல கெடந்த புள்ள அப்பான்னு கூப்புட்டா. பால் கறந்துட்டு வர்றேன் கண்ணுன்னு சொன்னேன். கறந்துட்டுப் போனா..." கீழே கிடந்த துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தார். "மறக்க ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

அம்மா குழியைச் சுத்தமாக இறைக்கச் சொன்னார். புதுச் சாணம் கரைத்து நிரப்பினார்கள். இருபது நாளாகியும் அடுப்பில் நெருப்பு வரவில்லை.

"புதுசு மட்டும் போதாதுங்க. எரியற குழியிலிருந்து பழங்கரைசல் ரெண்டு குடம் ஊத்தணும், அந்த உசுரு அதுலதான் இருக்கும். உங்க வீட்டுக் குழி எரியுதுங்களா?" என்றார் அம்மா.

"எரியுதுன்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. எம் பொண்டாட்டி பாத்துக்கறா."

"போய்க் கொண்டாங்க."

நாச்சிமுத்து ஓரடி பின்னால் நகர்ந்தார். "அந்த வாசல மிதிக்க என்னால முடியாதுங்கம்மா. பக்கத்து ஊர்ல வாங்கியாறேன்."

"வாங்கிக்கலாம். குழிக்கு எந்த ஊர்க் கரைசலும் ஒண்ணுதான்."

உயிர் வந்தவராகக் குடங்களை எடுத்துக்கொண்டு அவர் மடத்து வாசல் வரை போய்விட்டார்.

"அண்ணா, சாணி கரைக்க எத்தன பேர் வேணும்?"

"ரெண்டு பேருங்க. ஒருத்தர் தண்ணி ஊத்தணும். ஒருத்தர் கலக்கணும்."

"உங்க வீட்டுல இப்ப யாரு தண்ணி ஊத்தறாங்க?"