ஜிகினா அந்தோணியார்

மலைமேல் இருந்த அந்தக் கன்னியர் மடத்தில் மூன்றாம் நாளாக மழை. கீழே தரைப்பாலம் மூழ்கிக் கிடந்தது. மடத்துப் பிள்ளைகள் விடுதியின் நோயறையில் ஏழு வயது ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல். டாக்டர் போனில் சொல்லிவிட்டார்: கொண்டுவர வழியில்லை என்றால் மாத்திரையாவது உள்ளே போகணும், இன்னும் ஏறினால் வலிப்பு வரலாம்.

ஜெசிந்தா வாயைத் திறக்கவில்லை.

பக்கத்தில் இருந்தது சகாயராணி. மடத்தில் சேர்ந்து இரண்டு வருடம். வரும் ஞாயிறு வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆகப் போகிறாள். அன்று கழுத்தில் போட வேண்டிய வெள்ளிச் சிலுவை ஏற்கெனவே அவள் பெட்டிக்கு வந்துவிட்டது.

"மாத்திரை வேண்டாம் சிஸ்டர். என்கிட்ட ஜிகினா அந்தோணியார் இருக்காரு."

தலையணைக்கு அடியிலிருந்து படத்தை எடுத்தாள். உள்ளங்கை அளவு. சாய்த்தால் அந்தோணியார் பச்சையாக மின்னினார், நிமிர்த்தினால் ஊதா. ஏழு சாதாப் படத்துக்கு ஒரு ஜிகினா என்பது விடுதிப் பிள்ளைகள் மாற்றிக்கொள்ளும் கணக்கு. சாதாப் படம் பரீட்சைக்கு மட்டும்தான் உதவும். காய்ச்சல், பேய், அப்பாவிடமிருந்து போன் வருவது, இதற்கெல்லாம் ஜிகினாதான்.

"அது வெறும் காகிதம்மா."

"உங்ககிட்ட ஜிகினா இல்ல. அதான் பொறாமை."

சகாயராணி மாத்திரையைத் தூளாக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தாள். குழந்தை துப்பியது. படத்தைப் பிடுங்கப் பார்த்தாள். கத்திய கத்தலில் அந்தச் சின்ன உடம்பு இன்னும் கொதித்தது. சகாயராணி தனக்குப் பாடம் சொல்லும் மதர் பெனிட்டாவிடம் ஓடினாள்.

"பயமா இருக்கு மதர். நூத்தி நாலு. ஜிகினாப் படம் போதும், மாத்திரை வேண்டாங்கிறா. அது பொய்னு அவளுக்கு எப்படிப் புரியவைக்கிறது?"

மதர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். படத்தை வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்ல ஜிகினா. என்ன குடுத்தே?"

"ஏழு சாதா. ஒரு ரப்பர்."

"ரப்பர் அதிகம்."

"அதுவும் வாசனை ரப்பர் மதர்," என்றாள் ஜெசிந்தா வருத்தமாக.

மதர் மாத்திரை அட்டையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். வெள்ளியாய் ஒரு வெளிச்சம் கூரையில் ஓடியது. குழந்தையின் கண்ணும் கூடவே ஓடியது.

"அதை எனக்குத் தருவீங்களா?"

"காலியானா உனக்குத்தான். ஆனா காலி பண்றதும் நீதான். டாக்டர் சொன்ன நேரத்துக்கு ஒண்ணு ஒண்ணா."

"ரொம்பக் கிழியாம எடுங்க."

மதர் மெதுவாக எடுத்தார். ஜெசிந்தா விழுங்கினாள்.

நாலு மணிக்கு வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் நூறுக்குக் கீழே வந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர்? அந்தோணியார்!" என்று சொல்லிவிட்டுக் குழந்தை தூங்கிப்போனது.

வராந்தாவில் சகாயராணி மதரை மறித்தாள்.

"மதர், அவ உயிர் பிழைச்சா. அதுக்கு நன்றி. ஆனா இப்ப அவளுக்குப் பொய் ரெண்டாயிடுச்சே! மின்னுறதுதான் உசத்தின்னு நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிடுச்சு."

"அப்படியா?"

"மின்னுறதுக்குள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருக்கணும்."

"உள்ளே மாத்திரை இருந்ததே."



"எனக்கு ஒண்ணும் புரியல மதர். அப்ப ஜிகினா நல்லதா, கெட்டதா?"

மதர் அவள் கையை எடுத்துத் திருப்பினார். நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"பல்பொடி."

சகாயராணி கையை இழுத்துக்கொண்டாள்.

"சிலுவை கறுத்திருந்தது மதர். அதான் தேய்ச்சேன். நாலஞ்சு தடவை."

"நல்லா மின்னுதா?" என்று கேட்டார் மதர்.