பின்னோக்கி நடந்த தாமரைக்கோழி

ஒரு தாமரைக்குளத்தில், இலைமேல் கட்டிய கூட்டில், மாரப்பன் என்ற தாமரைக்கோழி நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தான். தாமரைக்கோழி இனத்தில் முட்டையிடுவதோடு பெண்ணின் வேலை முடிந்தது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் பாடு. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். மாரப்பனுக்கும் அந்த வேலை பிடித்தே இருந்தது.

ஒருநாள் கரையில் நின்ற நாரை இதைப் பார்த்துவிட்டது.

“என்ன மாரப்பா, ஆம்பளை நீ முட்டை மேல உட்கார்ந்திருக்கே? வீட்டுக்காரி எங்கே?”

பட்ட கிளையில் சிறகு உலர்த்திக்கொண்டிருந்த நீர்க்காகம் கெக்கெக்கென்று சிரித்தது. “அவ ஊர் சுத்தப் போயிருப்பா!”

விளையாட்டுக்குச் சொன்னதுதான். சொன்ன கையோடு இரண்டும் மீன் பார்க்கப் போய்விட்டன. மாரப்பனுக்கோ அது முள்ளாகத் தைத்தது. அன்று முழுக்க அவனுக்கு இரை இறங்கவில்லை.

மறுநாள் முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். யார் தலை தெரிந்தாலும் சட்டென்று எழுவான். நாலு இலை தள்ளிப் போய்ப் பூச்சி பொறுக்குவதுபோல் பாவனை பண்ணுவான். ‘எனக்கும் அந்த முட்டைகளுக்கும் சம்பந்தமே இல்லை’ என்று முகத்தை வைத்துக்கொள்வான். குளமோ சந்தைக்கடை மாதிரி. யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். பாவம், முட்டைகள் ஆறிப்போகும். ஓடிவந்து உட்காருவான், மறுபடி எழுவான். இது ஒரு பிழைப்பா?

ஒரு நாள் காலை, மேற்கே பெய்த மழைத்தண்ணீர் வாய்க்கால் வழியே குளத்துக்குள் வந்தது. தண்ணீர் ஏற ஏற, கூடு இருந்த இலை அமிழத் தொடங்கியது. வடக்கு மூலையில் கோரைப்புல் மேடு ஒன்று இருந்தது. முட்டைகளை உடனே அங்கே மாற்றியாகவேண்டும். ஆனால் தாமரைக்கோழி முட்டை தூக்கும் விதமே தனி. அலகுக்கும் மார்புக்கும் நடுவே முட்டையை இடுக்கிக்கொண்டு, பின்னோக்கியே நடக்கவேண்டும். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

எதிர்க்கரையில் நாரையும் நீர்க்காகமும் நின்றன.

‘இவங்க முதல்ல போகட்டும்’ என்று மாரப்பன் காத்திருந்தான். அவை போவதாக இல்லை. ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று நின்றான். தண்ணீர் இலையின் விளிம்பைத் தாண்டியது. ஓரத்து முட்டை அசைந்தது, உருண்டது, சத்தமில்லாமல் குளத்துக்குள் போய்விட்டது.

மாரப்பன் பதறிப்போனான். அதற்குப் பிறகு நாரையாவது, நீர்க்காகமாவது! ஒரு முட்டையை இடுக்கினான். தலை குனிந்து, வால் முன்னே போக, நடுக்குளத்தில் இலை இலையாகப் பின்னோக்கி நடந்தான். இப்படி மூன்று நடை. மூன்று முட்டைகளையும் கோரைமேட்டில் சேர்த்து, சிறகை விரித்து உட்கார்ந்தான்.

வெயில் ஏறியதும் நாரை அந்தப் பக்கம் வந்தது. மாரப்பன் எழவில்லை.

“அட, நீ எப்போ இங்கே குடிவந்தே?” என்றது நாரை.

“காலையிலேதான். உங்க கண்ணு முன்னாலதானே முட்டையைத் தூக்கிட்டு வந்தேன். பார்க்கலையா?”

“எங்கே பார்த்தோம்? புதுத்தண்ணியில கெண்டையா வந்து குவிஞ்சுது. எங்க ரெண்டு பேருக்கும் தலை நிமிர நேரமில்லே.”

மாரப்பன் போன முட்டையை நினைத்துக் கண் கலங்கினான். பிறகு மிச்சம் மூன்றையும் நெருக்கி அணைத்துக்கொண்டான். நாரை போனது. நீர்க்காகம் வந்தது. வாத்துக்கூட்டம் ஒன்று கத்திக்கொண்டே கடந்தது. அவன் அசையவே இல்லை. பன்னிரண்டாம் நாள் மூன்று குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன.

ஊர் என்ன நினைக்குமோ என்று தயங்கி நிற்பவன் தனக்கு அருமையானதை இழக்கிறான். ஊருக்கோ அவனை நினைக்கவே நேரமில்லை.