மகள் ஆடும் ஆட்டத்தில் ஒரு பந்தயம்

"யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கா, டீச்சர்?"

ஜெயசிங் கேட்டார்.

நாகர்கோவிலில் மரக்கடை வைத்திருப்பவர். மகள் ஷெரின் பேட்மின்டன் போட்டிக்காக இந்தச் சூதாட்ட நகரத்துக்கு வந்தாள். விடுமுறை மாதிரி இருக்கட்டும் என்று அவரும் கூடவே வந்துவிட்டார்.

புஷ்பவள்ளி பினாங்குக்காரர். ஜெயசிங்கைவிடப் பத்து வயது இளையவர். அப்பாவும் மகளும் தங்கியிருந்த ஹோட்டலின் பந்தயக் கவுண்டரில் ரேட் போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டார். ஊரை விட்டுப் போகவில்லை. கேட்கிறவர்களுக்குப் பந்தயம் எப்படி நடக்கிறது என்று சொல்லித் தருவார். எல்லாருக்கும் அவர் டீச்சர்.

இருவரும் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஹோட்டலுக்குள்ளேயே ஓடும் வாய்க்கால். மேலே கூரையில் வரைந்த வானம். எப்போது நிமிர்ந்து பார்த்தாலும் அங்கே சாயங்காலம்தான். மேகங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

"எதுக்குத் தெரியணும்?" என்றார் புஷ்பவள்ளி.

"சின்னப் பிள்ளையில ராக்கெட்டைப் பிடிச்சா. அன்னையிலேருந்து அவ ஆடுறப்பெல்லாம் எனக்கு வயிறு கலங்குது. ஒரே ஒரு தடவை நிம்மதியா உக்காந்து பாக்கணும்."

புஷ்பவள்ளி எதிரே தொங்கிய பலகையைக் காட்டினார். ஷெரின் பெயருக்கு நேரே 2.60. எதிர்த்து ஆடும் பெண்ணுக்கு 1.50.

"அந்தப் பொண்ணு மேல நூறு போட்டு, அவ ஜெயிச்சா நூத்தைம்பது கையில வரும். உங்க மக மேல போட்டா இருநூத்தி அறுபது."

"அப்ப என் மக தோத்துருவான்னு சொல்லுதா?"

"இல்லண்ணே. தோப்பான்னு பந்தயக் கடை நினைக்குது. நினைக்கிறதுக்கு ஒரு ரேட்."

"ரெண்டு பேர் மேலயும் போட்டா?"

"அப்பவும் கடைக்கு ஒரு பங்கு போயிடும். அதுக்கு ஏத்த மாதிரிதான் ரேட் போடுவோம்."

"வேற என்ன தெரியணும்?"

"மனசுக்கு வேண்டியவங்க ஆடுறப்ப போடக் கூடாது."

"ஏன்?"

ஒரு படகு கடந்து போனது. படகோட்டி புரியாத மொழியில் பாடிக்கொண்டே துடுப்புப் போட்டான். தண்ணீரில் கிடந்த வானம் கலைந்து மறுபடி கூடியது.

"அதைச் சொல்லித் தர எனக்குத் தெரியாது," என்றார் புஷ்பவள்ளி.

ஜெயசிங் எழுந்து நடந்தார். கம்பளம் அவ்வளவு மெத்தென்றிருந்தது. தன் காலடி தனக்கே கேட்கவில்லை. எங்கிருந்தோ மல்லிகை மாதிரி ஒரு வாசனை வந்தது. எங்கும் கடிகாரம் இல்லை.

திரும்பி வந்தபோது கையில் சீட்டு இருந்தது. முகம் தெளிந்திருந்தது.

"அந்தப் பொண்ணு மேல போட்டுட்டேன்."

புஷ்பவள்ளி சீட்டைப் பார்த்தார்.

"யோசிச்சுப் பாருங்க டீச்சர். ஷெரின் ஜெயிச்சா, என் மக ஜெயிச்ச சந்தோஷம். காசு போனா போகட்டும். தோத்தா, காசாவது வரும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு நல்லதுதானே?"

"எந்த வரிசையில உக்காருவீங்க?"

"மூணாவது."

"நானும் வர்றேன்."

விளையாட்டு அரங்கும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. சுற்றிலும் இருட்டு. நடுவில் மட்டும் பச்சைத் தளம், வெளிச்சத்தில் மிதப்பது போல. இறகுப்பந்து மேலே போய், அங்கேயே கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியது.

முதல் கேமை ஷெரின் எடுத்தாள்.

ஜெயசிங்குக்குச் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. அது என்னவென்று அவர் பார்க்கவில்லை.

இரண்டாவது கேமை அவள் விட்டாள்.

அவருக்கு வயிறு கலங்கவில்லை. எத்தனையோ வருஷத்தில் முதல் தடவை.

"நிம்மதியா இருக்கு டீச்சர்," என்றார்.

புஷ்பவள்ளி பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கேம் இழுத்துக்கொண்டே போனது. பதினெட்டுக்குப் பதினெட்டு. அரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டது. பந்து உயரப் போனது. ஷெரின் பின்னால் ஓடி, எம்பி, அடித்தாள்.

பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.

அந்த அமைதியில் யாரோ கை தட்டினார்கள்.

யார் என்று ஜெயசிங் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் இரண்டு பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் குனிந்தார். தன் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

புஷ்பவள்ளி தன் உள்ளங்கையை அந்தக் கைகளின் மேல் வைத்தார். ஆட்டம் முடியும் வரை எடுக்கவில்லை.

இருபத்திரண்டுக்கு இருபதில் ஷெரின் தோற்றாள்.

கழுத்தில் துண்டோடு படியேறி வந்தாள். முகம் சிவந்திருந்தது. அழவில்லை.

"நீங்கதானப்பா கை தட்டினது?"

ஜெயசிங் கைகளை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினெட்டுல நான் வெளியே அடிச்சேன்ல, அப்போ. எனக்கு உங்க கைதட்டல் தெரியாதா? அவ்வளவுதான், எல்லாம் போச்சுன்னு நின்னேன். போனா போகுது, அடுத்ததைப் பாருன்னு நீங்க சொல்ற மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேலதான் ரெண்டு பாயிண்ட் எடுத்தேன்."

"மக்ளே…"

"நாளைக்கு டபுள்ஸ் இருக்கு. இதே இடத்துல உக்காருங்க."

அவள் அவர் தோளைத் தொட்டுவிட்டு இறங்கினாள். ராக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

அரங்கம் காலியாகிக்கொண்டிருந்தது. விளக்குகள் ஓரத்திலிருந்து அணைந்து வந்தன. ஜெயித்த சீட்டு சட்டைப்பையில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"எதுக்குத் தட்டினேன்னு அவளுக்குத் தெரியாது டீச்சர்."

"தெரியாது."

"சொல்லாம விட்டா, கடைசி வரைக்கும் அந்தக் கைதட்டலை நினைச்சு சந்தோஷப்படுவா."

"படுவா."

"சொல்லாம, நாளைக்கு நான் எப்படிக் கை தட்டுறது?"



கீழே ஷெரின் பையைத் தோளில் மாட்டினாள்.

"சொன்னா என்ன ஆகும் டீச்சர்?"

"எனக்குத் தெரியலண்ணே."

வயிறு கலங்கியது. ஜெயசிங் எழுந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

"ஷெரின்," என்றார். "கொஞ்சம் நில்லு மக்ளே."