பதவி இழந்த மிளாவும் பதவிக்கு வந்த பன்றியும்

நெடுங்குன்றக் காட்டுக்கு ராஜா ஒரு புலி. ஆனால் காட்டை நடத்தியது ராஜா அல்ல, பிரதம மந்திரி. எந்த மேட்டில் எப்போது மேயலாம், வெள்ளம் வந்தால் எந்தத் துறையில் ஆற்றைக் கடக்கலாம், இரண்டு கூட்டங்களுக்குள் தகராறு வந்தால் யார் விலகிப் போவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது பிரதம மந்திரியின் வேலை. ராஜா அவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். உத்தரவு போட முடியாது. காட்டுக் குடிகள் மேல் ராஜாவின் பல் படவும் கூடாது. அதனால் புலி வேட்டைக்கு மலையைத் தாண்டிப் போய்வரும்.

வருடம் ஒருமுறை, கோடை பாதி கழிந்ததும், விலங்குகள் எல்லாம் ஆற்றங்கரைப் புல்வெளியில் கூடும். பதவிக்கு ஆசைப்படுகிறவர்கள் முன்னால் நிற்பார்கள். யாருக்குப் பின்னால் கூட்டம் அதிகமாகச் சேர்கிறதோ, அவரே பிரதம மந்திரி.

அந்த வருடம் மருதி தோற்றாள்.

மருதி ஒரு பெண் மிளா, பெரிய உடம்புள்ள காட்டு மான். பல வருடங்களாக அவள்தான் பிரதம மந்திரி. அந்தக் கோடையில் வறட்சி கடுமையாக இருந்தது. தெற்கு மேட்டில் யாரும் மேயக் கூடாது என்று அவள் தடை போட்டாள். புல் வேரோடு போய்விட்டால் அடுத்த வருடம் என்ன செய்வது என்பது அவள் கவலை. பசித்த வயிறுகளுக்கு அடுத்த வருடம் பெரிதாகத் தெரியவில்லை.

"நான் வந்தால் தெற்கு மேடு எல்லோருக்கும் திறந்திருக்கும்" என்றான் கரியன் என்ற காட்டுப்பன்றி. கூட்டம் அவன் பின்னால் போய் நின்றது.

மருதி கரியனை வாழ்த்திவிட்டுத் தன் இருப்பிடத்துக்கு நடந்தாள். பாதி வழியில் ஒரு மந்தி மரத்திலிருந்து அவள் முன்னால் குதித்தது. மருதியின் பதவிக்காலம் முழுவதும் கூடவே இருந்த மந்தி அது. அழுது அழுது அதன் முகம் வீங்கியிருந்தது.

"அழுதது போதும்" என்றாள் மருதி. "எனக்கு ஒரு கவலை. பாறை இடுக்கு விஷயம் கரியனுக்குத் தெரியாது."

மலையிலிருந்து ஆறு இறங்கும் வழியில் குறுகலான ஒரு பாறை இடுக்கு இருந்தது. காற்றில் விழும் மரங்களை ஆறு அடித்துக்கொண்டு வந்து அங்கே சொருகிவிடும். மழைக்கு முன் அவற்றை எடுக்காவிட்டால் தண்ணீர் பின்னால் தேங்கி ஏரிபோல் நிற்கும். பிறகு ஒருநாள் மரங்களோடு உடைத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் பாயும். பள்ளத்தாக்கில்தான் பெரும்பாலான விலங்குகள் குட்டி போட்டு வளர்த்தன.

மருதி ஒவ்வொரு கோடையின் கடைசியிலும் மலைக்கு அப்பால் இருக்கும் யானைகளுக்குச் சொல்லி அனுப்புவாள். யானைகள் வந்து மரங்களை இழுத்துப் போட்டுவிட்டு, மூங்கில் தோப்பு ஒன்றில் கொஞ்ச காலம் மேய்ந்துவிட்டுப் போகும். அவள் காலத்தில் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்ததே இல்லை. அதனால் அப்படி ஒரு வேலை நடப்பதே பள்ளத்தாக்கில் யாருக்கும் தெரியாது.

மந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டது. அதன் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது.

"சொல்லாதீர்கள் அம்மா" என்றது.

"என்ன?"

"சொல்லவே வேண்டாம். ஒரு வெள்ளம் வரட்டும். யார் இருந்தபோது காடு எப்படி இருந்தது என்று அப்போது புரியும். எல்லோரும் உங்கள் காலைத் தேடி வருவார்கள்."

மருதிக்கும் மனது கசந்துதான் இருந்தது. நேற்றுவரை வழிவிட்டு நின்றவர்கள் இன்று அவளைத் தள்ளிக்கொண்டு தெற்கு மேட்டுக்கு ஓடியிருந்தார்கள்.

"உனக்கு முன்னாள் பிரதமர்களின் கதை எவ்வளவு தெரியும்?" என்று கேட்டாள்.

"காட்டெருமை இருந்தார். அவருக்குப் பிறகு முள்ளம்பன்றி. அப்புறம் நீங்கள்."

"காட்டெருமை தோற்ற கோபத்தில் யாரிடமும் பேசாமல் மலை ஏறிவிட்டார். வெள்ளக் காலத்தில் எந்தத் துறையில் ஆழம் குறைவு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். போய்க் கேட்க முள்ளம்பன்றிக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அந்த மழையில் எங்கள் கூட்டம் தவறான துறையில் இறங்கியது. நான் கரையேறினேன். என் தம்பி கரையேறவில்லை."

மருதி திரும்பி, கரியனின் இருப்பிடத்தை நோக்கி நடந்தாள்.

கரியனின் குகை வாசலில் ஒரு கீரி உட்கார்ந்திருந்தது. புதிய பிரதமருக்கு ஆலோசகர் அதுதான். மருதி சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு உள்ளே போய், கரியனின் காதில் சொன்னது.

"நம்பாதீர்கள். யானைகளைக் கூப்பிட்டால் சும்மா போகாது. மூங்கில் கேட்கும். இந்த வறட்சியில் பச்சையாக நிற்பது கிழக்குத் தோப்பு ஒன்றுதான். அங்கே இருப்பது உங்கள் சொந்தக் கூட்டம். பதவிக்கு வந்த கையோடு அதைத் தூக்கி யானைக்குக் கொடுத்தால் உங்களை யார் மதிப்பார்கள்? இது உங்களைக் கவிழ்க்க அவள் போடும் திட்டம்."

கரியன் முரடன்தான், கெட்டவன் அல்ல. வெளியே வந்து மருதியிடம் நேரடியாகவே கேட்டான்.

"இவ்வளவு பெரிய ஆபத்து என்றால் இத்தனை வருடம் ஏன் சபையில் சொல்லவில்லை, அக்கா? சொல்லியிருந்தால் நீங்களே ஜெயித்திருப்பீர்களே."

அந்தக் கேள்வியை மருதி எதிர்பார்க்கவில்லை. "சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்" என்றாள். பிறகு, "அது மட்டும் காரணம் இல்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அது தப்புதான்" என்றாள்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று கரியன் உள்ளே போய்விட்டான். பிறகு சொல்லி அனுப்பவே இல்லை.

மேற்கே மேகம் திரள ஆரம்பித்தது. மருதி யானைகளுக்குத் தானே தகவல் அனுப்ப நினைத்தாள். ஆனால் யானைகள் பிரதம மந்திரியின் சொல்லுக்கு மட்டும்தான் வரும். அது பழைய ஒப்பந்தம். அவள் இப்போது வெறும் மிளா.

வேறு வழியில்லாமல் புலி ராஜாவைப் பார்க்கப் போனாள்.

ராஜா முழுவதையும் கேட்டார். "நான் உத்தரவு போட முடியாதே, மருதி."

"தெரியும், அரசே. கேள்வி கேட்கலாம் அல்லவா?"

ராஜா கரியனை வரவழைத்தார். கீரியும் பின்னாலேயே வந்தது.

"பாறை இடுக்கில் ஆபத்து என்று மருதி சொல்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?" என்று ராஜா கேட்டார்.

"அப்படி ஒன்றும் இருக்காது, அரசே."

"போய்ப் பார்த்தாயா?"

"இல்லை."

"வேறு யாராவது பார்த்து வந்து சொன்னார்களா?"

கரியன் கீரியைத் திரும்பிப் பார்த்தான். கீரி தரையைப் பார்த்தது.

"இல்லை, அரசே."

"எனக்குக் கேட்க வேண்டியது அவ்வளவுதான்" என்று ராஜா எழுந்து போய்விட்டார்.

கரியனுக்கு வெட்கமாக இருந்தது. அப்போதே மலை ஏறினான். மருதி முன்னால் நடந்து வழி காட்டினாள்.

இடுக்கின் மேல் நின்று கீழே பார்த்ததும் கரியனின் முதுகு மயிர் சிலிர்த்தது. கோரையும் சேறும் பிசைந்து, மரத்தின் மேல் மரமாக ஒரு சுவரே எழும்பியிருந்தது. ஆறு வற்றிக் கிடந்த அந்தக் கோடையிலும் அதற்குப் பின்னால் தண்ணீர் கறுப்பாகத் தேங்கி நின்றது. காற்று அடிக்கும்போது மரங்கள் ஒன்றோடொன்று உரசி முனகின.

கரியன் திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்த்தான். அவன் ஜெயிக்கக் காரணமாக இருந்த குடும்பங்கள் அங்கே குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தன.

"யானைகளை எப்படிக் கூப்பிட வேண்டும், அக்கா?" என்று கேட்டான்.

மருதி சொல்லிக் கொடுத்தபடி இருவாச்சிப் பறவை செய்தியோடு பறந்தது. யானைகள் வந்தன. கீரி சொன்னது போலவே அவற்றின் தலைவி கிழக்குத் தோப்பைக் கேட்டாள்.

"வறட்சி எங்களுக்கும்தான். வயிறு நிறையாமல் எங்கள் பிள்ளைகள் மரம் இழுக்க மாட்டார்கள்" என்றாள்.

"எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான் கரியன். "என் கூட்டத்தாரிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

யானைகள் இடுக்கில் இறங்கின. தும்பிக்கையைச் சுற்றிப் பிடித்து மரங்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கரையில் போட்டன. மேகம் மலை உச்சிவரை இறங்கிவிட்டது. மாலையில் தூறல் விழுந்தது. கடைசியாக அடியில் ஒரு வேங்கை மரம் மிச்சம் இருந்தது. அதன் வேர்க்கட்டை இரண்டு பாறைகளுக்கு நடுவே இறுகியிருந்தது. யானைகள் சேர்ந்து இழுத்தும் அது அசையவில்லை. தந்தம் நுழைய இடம் இல்லை.

"அதை விட்டுவிட்டு மேலே வாருங்கள். தண்ணீர் ஏறுகிறது" என்று தலைவி தன் கூட்டத்துக்குக் குரல் கொடுத்தாள்.

கரியன் கீழே இறங்கினான்.

"தம்பி, வேண்டாம்" என்றாள் மருதி.

"இது நான் செய்யக்கூடிய வேலை" என்றான் அவன். மூக்கைச் சேற்றில் புதைத்து வேர்க்கட்டையின் அடியைத் தோண்டினான். தண்ணீர் அவன் வயிறுவரை வந்தது. கழுத்துவரை வந்தது. அவன் தோண்டிக்கொண்டே இருந்தான். மருதி பாறை விளிம்பில் நின்று, நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டென்று மரம் ஒரு பக்கம் சாய்ந்தது.

"இப்போது இழுங்கள்" என்று கத்தினாள் மருதி.

யானைகள் இழுத்தன. மரம் பிடுங்கிக்கொண்டு வந்தது. தலைவி தும்பிக்கையை நீட்டிக் கரியனை வாரித் தூக்கிக் கரையில் போட்டாள். தேங்கியிருந்த தண்ணீர் வழி கிடைத்து ஓடியது. பின்னாலேயே மழை கொட்டியது. ஆறு கரை நிரம்ப ஓடியது, கரையைத் தாண்டவில்லை.

பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்கு அது சாதாரண மழையாகவே தெரிந்தது. அவர்கள் கண்ணில் பட்டது கிழக்குத் தோப்புதான். யானைகள் அதை மொட்டை அடித்திருந்தன.

"பதவிக்கு வந்து முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. சொந்தக் கூட்டத்து மூங்கிலையே தின்னக் கொடுத்துவிட்டான்" என்று கரியனின் உறவுக்காரர்களே பேசினார்கள். ராஜா சபையைக் கூட்டினார்.

சபைக்குப் போகும் வழியில் கீரி கரியனை ஒட்டி நடந்தது. "சுலபமான வழி ஒன்று இருக்கிறது. மருதி பல வருடங்களாக இடுக்கைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள், நான்தான் வந்து சரிசெய்தேன் என்று சொல்லிவிடுங்கள். மூங்கில் போன பழியும் அவள் தலையில் விழும். யாருக்கு என்ன தெரியப் போகிறது?"

கரியன் ஒரு கணம் நின்றான். அது சுலபமான வழிதான். பிறகு, "நீ இனி என் வாசலில் உட்கார வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

சபையில் அவன் பேச்சு எதுவும் பேசவில்லை. எல்லோரையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கரையில் குவிந்து கிடந்த மரங்களைக் காட்டினான். தண்ணீர் எந்த உயரம்வரை தேங்கி நின்றது என்று பாறையில் படிந்த சேற்றுக் கோட்டைக் காட்டினான்.

"வருடா வருடம் இதை எடுக்க வைத்தவர் மருதி அக்கா. தோற்ற அன்றைக்கே வந்து என்னிடம் சொன்னதும் அவர்தான். நான் நம்பாமல் நாளைக் கடத்தினேன். தோப்பு போனது என் முடிவு. அதற்காக என் மேல் கோபப்படுங்கள்" என்றான்.

தாய்மார்கள் சேற்றுக் கோட்டையும் தங்கள் குட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கிழக்குத் தோப்பைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

மருதி ஒரு ஓரமாக நின்றிருந்தாள். "அடுத்த வருடம் நீங்கள்தான் அம்மா" என்று மந்தி அவள் காதில் குதூகலமாகச் சொன்னது.

அடுத்த வருடம் மருதி மறுபடியும் போட்டிக்கு நின்றாள். மறுபடியும் தோற்றாள். முன்பைவிட மோசமாகத் தோற்றாள். மழை நன்றாகப் பெய்திருந்தது. தெற்கு மேட்டில் புல் முழங்கால் உயரம் நின்றது. கரியனைக் கழுத்தளவு தண்ணீரில் பார்த்ததாக யானைகள் சொன்ன கதையைக் குட்டிகள்கூட விளையாடிக் காட்டின.

மந்திக்குத் தாங்கவில்லை. "இவர்களுக்காகவா அன்றைக்கு வாய் திறந்தீர்கள்?" என்று கேட்டது.

"இவர்களுக்காகத்தான்" என்றாள் மருதி. "வா, மேயப் போகலாம்."

சில வருடங்கள் கழித்துக் கரியனுக்கும் தோல்வி வந்தது. ஒரு கரடி ஜெயித்தது. கரியனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் விடிந்ததும் எழுந்து, சேறு ஒட்டிய கால்களோடு புதிய பிரதம மந்திரியின் வாசலில் போய் நின்றான். வயதாகிவிட்ட மருதி அவனுக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தாள். கரடி தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்து இருவரையும் சந்தேகமாகப் பார்த்தது.

"என்ன வேண்டும் உங்களுக்கு?"

"ஒன்றும் வேண்டாம்" என்றான் கரியன். "எங்களோடு கொஞ்சம் மலைக்கு வாருங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது."

பதவியில் இருந்தாலும் இறங்கினாலும், நாட்டைக் காக்கத் தெரிய வேண்டியதை அடுத்து வருகிறவருக்கு மறைக்காமல் சொல்லிக் கொடுப்பதே நல்ல தலைவருக்கு அழகு.