எதையும் வெட்டாத கத்தி

மூங்கில் காட்டுப் பள்ளிக்கூடத்தில் கும்பன் என்று ஒரு கரடி இருந்தது. தானாக ஓடும் வண்டிகளும் தலையாட்டும் பொம்மைகளும் செய்ய விலங்குக் குட்டிகள் பழகும் பட்டறை அதன் பொறுப்பில்தான் இருந்தது. ஆள் மலை மாதிரி, மனசோ வெண்ணெய். ஒரு குட்டி தும்மினால்கூட அன்றைக்குக் கும்பனுக்குச் சோறு இறங்காது.

பட்டறைக்குக் கத்தி வாங்கக் கும்பன் கடைக்குப் போனது. கடைக்காரக் குரங்கு முத்தான், கூரான சின்னக் கத்திகளை எடுத்துப் பரப்பியது. மூங்கிலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் மரக் கவ்வி ஒன்றையும் காட்டியது.

"ஐயையோ! இவ்வளவு கூரா? எல்லாம் பிஞ்சு விரல், முத்தான்! மொக்கையா எதுவும் இல்லையா?"

"இருக்கு. பழைய இரும்போட கிடக்கு. ஆனா அது எதையும் வெட்டாதே அண்ணே!"

"அதுதான் எனக்கு வேணும்!"

குரங்கு தலையைச் சொறிந்தது. தூக்கிப் போட வைத்திருந்த சரக்கை ஆசையாகக் கேட்டு வாங்கும் ஆளை அது பார்த்ததே இல்லை.

மறுநாள் பட்டறை களைகட்டியது. நீர்நாய்க் குட்டி மினுக்கி முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது. அதன் தம்பி பாறையிலிருந்து விழுந்து, கால் ஒடிந்து, குளத்தைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் அழுதுகொண்டே கிடந்தது. சாவி கொடுத்தால் ஓடும் வண்டி ஒன்று செய்து, தம்பியை அதில் உட்காரவைத்துக் குளக்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மினுக்கிக்கு ஆசை.

ஆனால் கத்தி மூங்கிலில் இறங்கவே இல்லை. மினுக்கி அழுத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தியது. கத்தி சறுக்கிக்கொண்டு போய் விரலில் பட்டது!

கும்பன் பதறி ஓடிவந்து பச்சிலை வைத்துக் கட்டியது.

"போதும்! இனி இங்கே கத்தியே வேண்டாம்! பட்டறையைப் பூட்டிடறேன்!"

விரல் வலிக்கு அழாத மினுக்கி இப்போது அழுதது. "அப்போ தம்பி வண்டி, மாமா?"

"அழாதே கண்ணு. நானே வெட்டித் தர்றேன்."

கரடி அதே கத்தியை எடுத்து மூங்கிலில் வைத்து ஒரு அழுத்து அழுத்தியது. கத்தி வழுக்கி அதன் கட்டைவிரலைக் கிழித்தது.

"அம்மா!"

மினுக்கி ஓடிவந்து அந்த விரலை ஊதிவிட்டது. "உங்களுக்குத்தான் கத்தி பிடிக்கத் தெரியுமே மாமா! அப்புறம் ஏன் வெட்டிருச்சு?"

கும்பனுக்குச் சுருக்கென்றது. வெட்டாத கத்தியை அழுத்தத்தான் வேண்டும். அழுத்தினால் அது சறுக்கத்தான் செய்யும். காயம் படக்கூடாதென்று தான் தேடி வாங்கியதே குட்டியைக் காயப்படுத்திவிட்டது. வெட்கத்தில் கரடி தலையைக் குனிந்துகொண்டது.

பிறகு நேரே கடைக்கு நடந்தது. "முத்தான், அந்தக் கூர்க் கத்திகளைக் கொடு! கவ்வியையும் கொடு!"

விரல் ஆறியதும் மினுக்கி மறுபடி வந்து உட்கார்ந்தது. கும்பன் மூங்கிலைக் கவ்வியில் இறுக்கியது. "கத்தி உன்னைப் பார்த்து வரக்கூடாது. அது போற வழியில விரலை வைக்காதே. அவசரமே இல்லை."

கத்தியை நீட்டிய கரடி அதை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றது.

"பயமா இருக்கா மாமா?"

"ரொம்ப பயமா இருக்கு கண்ணு. ஆனா பக்கத்துலயேதான் இருப்பேன். வெட்டு!"

மினுக்கி லேசாகத்தான் அழுத்தியது. கத்தி மூங்கிலில் இறங்கியது. அந்த வாரமே வண்டி கடகடவென்று குளக்கரைக்கு ஓடியது. "அக்கா, தண்ணி!" என்று தம்பி கூவியபோது, குட்டிகள் எல்லாம் பார்க்கக் கும்பன் ஓவென்று அழுதது.

பிள்ளைகள்மேல் உண்மையான பாசம் உள்ளவர்கள், நல்ல கருவியைக் கையில் கொடுத்து, அதைப் பிடிக்கும் விதத்தையும் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுப்பார்கள்.