செந்தீ காட்டிய பொருள்

முன்னொரு காலத்தில் கோடையூர்ச் சீமையை மழவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்குப் பல்லக்கு கொடுப்பான், மாலையில் அதைப் பிடுங்கிக்கொள்வான். அப்படிப்பட்டவன், ஒரே மகள் மணிமங்கை விஷக்காய்ச்சலில் போன பிறகு பேச்சையே விட்டுவிட்டான். சபைக்கு வருவான், உட்காருவான், எழுந்து போவான்.

அரண்மனை ரசவாதி கனகேந்திரர் மட்டும் அவன் காதருகே பேசிக்கொண்டிருந்தார்.

"பொன், செம்பு, ஈயம், பாதரசம், கந்தகம் என்று உலகத்து மூலப்பொருள் அத்தனையும் என் ஜாடிகளில் இருக்கின்றன, மகாராஜா. எல்லாவற்றிலும் இளவரசிக்கு மருந்து செய்து பார்த்தாயிற்று. இனிக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை."

அந்தப் பேச்சு ராஜாவுக்கு ஆறுதலாக இருந்தது. எல்லாம் தேடியாயிற்று என்றால் தகப்பன்மேல் குற்றமில்லையே. மலையில் மருந்து தேடுகிறவர்கள் இறங்கிவிட வேண்டும், இன்னும் மிச்சமிருக்கிறது என்று சொல்பவன் தலை போகும் என்று உத்தரவு போட்டான்.

அதே காய்ச்சல் ஊருக்குள்ளும் பரவியது. தெருத்தெருவாகப் பிள்ளைகள் படுத்தார்கள். வாசலில் வந்து அழுத தாய்மாரை, "எல்லாம் பார்த்தாயிற்று, போங்கள்" என்று கனகேந்திரர் திருப்பி அனுப்பினார்.

மந்திரி வெண்காடருக்குப் பொறுக்கவில்லை. சபையில் எழுந்து, "மிச்சமிருக்கிறது, மகாராஜா" என்றார்.

மந்திரியின் ஆசனத்தின்மேல் கனகேந்திரருக்கு வெகுநாளாகவே கண். "காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் உத்தரவு உத்தரவுதானே?" என்றார்.

"காட்டும்" என்றான் ராஜா.

வெண்காடர் ஒரு தணல்சட்டியையும் மூன்று கிண்ணங்களையும் கொண்டுவந்து வைத்தார். கிண்ணங்களில் வெள்ளைத் தூள்.

"இவை என்ன, ஐயா?" என்று கனகேந்திரரைக் கேட்டார்.

"இதுகூடத் தெரியாதா? உப்புதான்."

முதல் தூளை நெருப்பில் தூவினார் மந்திரி. தீ மஞ்சளாக எழுந்தது. "கறியுப்பு" என்றார் கனகேந்திரர். இரண்டாவது இளம் ஊதாவாக எரிந்தது. "வெடியுப்பு" என்றார். மூன்றாவது தூள் விழுந்ததும் தீ செக்கச்செவேலென்று நின்றது. கனகேந்திரர் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"பொருளுக்குப் பொருள் தீயின் நிறம் மாறும் என்பது தாங்கள் அறிந்ததுதான். தங்கள் ஜாடிகளிலிருந்து இந்தச் சிவப்பை எடுத்துக் காட்டுங்கள்."

ஜாடிகள் வந்தன. கனகேந்திரர் ஒவ்வொன்றாக எரித்தார். பச்சை வந்தது, நீலம் வந்தது, சபையெங்கும் புகை வந்தது. அந்தச் சிவப்பு மட்டும் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுவும் எனக்குத் தெரிந்த பொருள்தான். ரகசியமாக வைத்திருந்தேன்" என்றார்.

இந்தச் சொல்லுக்காகத்தான் மந்திரி காத்திருந்தார். "அப்படியானால் இளவரசிக்கு ஏன் இதைக் கொடுக்கவில்லை?"

ராஜா ஆசனத்திலிருந்து எழுந்து வந்தான். "தெரியுமா, தெரியாதா?" என்று தணிந்த குரலில் கேட்டான். தெரியும் என்றால் சாகக் கிடந்தவளிடம் ஒளித்தது துரோகம். தெரியாது என்றால் இத்தனை நாள் சொன்னது பொய்.

கனகேந்திரர் காலில் விழுந்தார். "தெரியாது, மகாராஜா."

ராஜா மந்திரியிடம் திரும்பினான். "எங்கே கிடைத்தது?"

"நம் மலையில்தான். ஊற்றோரப் பாறையில் படிந்திருந்தது."

"என் மகளைக் காப்பாற்றியிருக்குமா?"

"தெரியாது. விஷமாகவும் இருக்கலாம்."

"இன்னும் எத்தனை பொருள் இப்படிக் கிடக்கிறது?"

"எண்ணிக்கை சொன்னால் நானும் இவரைப் போலப் பொய்யனாவேன்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். "மாலை வேண்டாம், மகாராஜா. மலையைத் திறந்துவிடுங்கள்" என்றார் வெண்காடர். அன்றே உத்தரவு ரத்தானது. கனகேந்திரரோ, நோய் வந்த வீடுதோறும் போய், "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ராஜாவும் கூடவே நடந்தான்.

அந்தத் தூள் காய்ச்சலுக்கு மருந்தாகவில்லை. மலைக்குப் போனவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வீட்டில், பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்திருந்த ஒருத்தி கனகேந்திரர் சொன்னதைக் கேட்டாள். பிறகு ராஜாவைப் பார்த்தாள்.

"இதை முன்னமே சொல்லியிருந்தால் நானே மலையேறித் தேடியிருப்பேனே, சாமி."

மழவராயன் அவள் வாசல் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.